நுரையீரல் உயிரணுக்களில் ஏ.எம்.பி. கைனேசு

ஏ.எம்.பி. கைனேசு என்பது உயிரணுவில் ஆற்றல் குறையும்போது தூண்டப்பட்டு, ஆற்றல் செலவைச் சுருக்கி, ஆற்றல் உருவாக்கத்தைப் பெருக்கும் ஒரு நொதியம் ஆகும். அடினோசின் ஒருபாசுபேட்டால் தூண்டப்படும் புரதக் கைனேசு என்பது இதன் முழுப்பெயராகும். ஆக்சிசன் குறைவு, குளுக்கோசு குறைவு, நச்சுப்பொருட்கள், கடும் உழைப்பு போன்ற நெருக்கடிகளின்போது இது செயற்படுவதால், நெருக்கடிக்கு எதிர்வினை புரியும் நொதியங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. விலங்குகளில் மட்டுமன்றித் தாவரங்களிலும் ஈசுட்டு போன்ற பூஞ்சைகளிலும் இதற்கு இணையான நொதியங்கள் காணப்படுகின்றன.

நுரையீரலில் இந்நொதியத்தின் பங்கு இருமுகம் கொண்டது. தனியோர் உயிரணுவை இறவாமல் காக்கும் அதே சிக்கன நடவடிக்கை, நுரையீரல் முழுமைக்கும் சில வேளைகளில் தீங்காக முடிகிறது. வேறு சில வேளைகளில் அழற்சியைத் தணித்து நுரையீரல் திசுவைக் காக்கிறது. நீரிழிவு நோய்க்குப் பரவலாக வழங்கப்படும் மெட்ஃபார்மின் என்னும் மருந்து இந்நொதியத்தைத் தூண்டுவதால், காசநோய் மருத்துவத்திலும் அதனைப் பயன்படுத்தலாமா என்பது ஆராயப்பட்டு வந்துள்ளது. காசநோயும் நீரிழிவும் ஒருங்கே காணப்படும் தமிழ்நாட்டில் இக்கேள்வி தனி முக்கியத்துவம் உடையது. இத்தகைய மருந்தாய்வு ஒன்றைச் சென்னையைத் தலைமையிடமாகவும் மதுரையில் கிளையும் கொண்ட தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தியது.

கண்டுபிடிப்பு

1973 ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் இந்நொதியத்தின் செயலைக் கண்டன. ஒரு குழு கொழுப்பமில உருவாக்கத்திற்குத் தேவையான அசெட்டைல் துணைநொதி ஏ கார்பாக்சிலேசு என்னும் நொதியம் தடைப்படுவதைக் கண்டது. மற்றொரு குழு கொலசுட்ரால் உருவாக்கத்தில் பங்கு பெறும் வேறொரு நொதியம் தடைப்படுவதைக் கண்டது. இவ்விரண்டையும் தடுப்பது ஒரே கைனேசே என்பது 1980களில், இசுக்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஆர்டி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. ஏ.எம்.பி. என்னும் மூலக்கூறு இதனைத் தூண்டுவதால் இன்றைய பெயரும் அக்காலத்திலேயே வழங்கலாயிற்று.

இக்கைனேசைத் தூண்டும் மேல்நிலை நொதியங்களுள் முதன்மையானது எல்.கே.பி.1 என்பது 2003 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பே எல்.கே.பி.1 புற்றுநோயைத் தடுக்கும் ஒரு புரதமாக அறியப்பட்டிருந்தது. இதனால் ஆற்றல் வளர்சிதைமாற்றமும் புற்றுநோயும் ஒரே பாதையில் இணைகின்றன என்பது புலனாயிற்று. உயிரணுவினுள் கால்சியம் மிகும்போது வேறொரு கைனேசு வழியாகவும் இது தூண்டப்படும் என்பது 2005 ஆம் ஆண்டில் தெரியவந்தது.

அமைப்பு

ஏ.எம்.பி. கைனேசு மூன்று துணையலகுகளால் ஆனது.

ஆல்பா துணையலகு: வினையை நிகழ்த்தும் பகுதி இதில் உள்ளது. இதன் 172 ஆம் இடத்தில் உள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலத்தில் பாசுபேட்டு சேரும்போதுதான் நொதியம் முழுமையாகச் செயற்படும்.

பீட்டா துணையலகு: மற்ற இரு துணையலகுகளையும் இணைத்து வைக்கிறது. சேமிப்பு மாவுப்பொருளான கிளைக்கோசனுடன் பிணையும் பகுதியும் இதில் உண்டு.

காமா துணையலகு: உயிரணுவின் ஆற்றல் நிலையை அறியும் பகுதி இதுவாகும். ஏ.டி.பி., ஏ.எம்.பி. ஆகிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இதில் பிணைகின்றன.

மனிதரில் ஆல்பாவில் இரண்டும், பீட்டாவில் இரண்டும், காமாவில் மூன்றும் வகைகள் இருப்பதால் மொத்தம் 12 சேர்க்கைகள் அமையக்கூடும். எந்தச் சேர்க்கை மிகுந்திருக்கும் என்பது உயிரணுவின் வகையைப் பொறுத்தது.

ஆற்றல் குறைவை அறியும் முறை

உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் முப்பாசுபேட்டு ஆகும். இது ஆற்றலைத் தந்தபின் ஒரு பாசுபேட்டை இழந்து இருபாசுபேட்டாக மாறுகிறது. உயிரணுவில் முப்பாசுபேட்டு மிகுதியாகவும், இருபாசுபேட்டு அதனினும் குறைவாகவும், ஏ.எம்.பி. எனப்படும் ஒருபாசுபேட்டு மிகச் சிறிதளவாகவும் இருப்பதே இயல்பு நிலையாகும்.

நெருக்கடி நேரும்போது, இரண்டு இருபாசுபேட்டு மூலக்கூறுகளைச் சேர்த்து ஒரு முப்பாசுபேட்டையும் ஒரு ஒருபாசுபேட்டையும் அடினைலேட்டுக் கைனேசு என்னும் நொதியம் உருவாக்குகிறது. கையிருப்பு குறைந்த குடும்பம் சில்லறையைத் திரட்டிச் செலவைச் சமாளிப்பதைப் போன்றது இது. இதன் விளைவாக, முப்பாசுபேட்டின் அளவு சிறிதே குறைந்தாலும் ஒருபாசுபேட்டின் அளவு பன்மடங்கு உயர்கிறது. சமநிலையில், இருபாசுபேட்டுக்கும் முப்பாசுபேட்டுக்கும் இடையிலான விகிதம் 5 மடங்கு உயர்ந்தால், ஒருபாசுபேட்டுக்கும் முப்பாசுபேட்டுக்கும் இடையிலான விகிதம் 25 மடங்கு உயரும். ஆகவே ஏ.எம்.பி. என்பது மிக நுட்பமான எச்சரிக்கைக் குறியாக அமைகிறது.

உயர்ந்த ஏ.எம்.பி. காமா துணையலகில் பிணைந்ததும் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன. நொதியத்தின் வினைத்திறன் கூடுகிறது. 172 ஆம் இடத்தில் பாசுபேட்டு சேர்வது எளிதாகிறது. சேர்ந்த பாசுபேட்டு நீக்கப்படாமல் காக்கப்படுகிறது.

வளர்சிதைமாற்றத்தில் ஏற்படும் மாற்றங்கள்

தூண்டப்பட்ட ஏ.எம்.பி. கைனேசு பல புரதங்களில் பாசுபேட்டைச் சேர்த்து அவற்றின் செயலை மாற்றுகிறது. சில நிமிடங்களில் நிகழும் மாற்றங்களும், மரபணு வெளிப்பாட்டின் வழியாக மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ நிகழும் மாற்றங்களும் இவற்றுள் அடங்கும்.

கொழுப்பமிலம்: அசெட்டைல் துணைநொதி ஏ கார்பாக்சிலேசு தடுக்கப்படுவதால் புதிய கொழுப்பமில உருவாக்கம் நிற்கிறது. அந்நொதியத்தின் விளைபொருள் குறைவதால் கொழுப்பமிலங்கள் இழைமணிகளுள் நுழைவதற்கு இருந்த தடையும் நீங்குகிறது. அங்கு அவை எரிக்கப்பட்டு ஆற்றல் கிடைக்கிறது.

குளுக்கோசு: குளுக்கோசை உயிரணுவினுள் கொண்டுசெல்லும் புரதங்கள் பெருகுகின்றன. பல உயிரணுக்களில் குளுக்கோசைப் பிளக்கும் வினையும் விரைவுபடுகிறது.

புரத உருவாக்கம்: உயிரணுவின் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்னும் பாதை அடக்கப்படுகிறது. புரதம் கட்டுவது மிகுந்த ஆற்றல் செலவுள்ள பணியாதலால் இதனால் பெரும் சேமிப்பு ஏற்படுகிறது.

தன்விழுங்கல்: பழுதடைந்த இழைமணிகளையும் பயனற்ற புரதங்களையும் உயிரணு தானே செரித்து மூலப்பொருளாக்கும் வினை தூண்டப்படுகிறது.

இழைமணிப் பெருக்கம்: நெருக்கடி நீடித்தால் புதிய இழைமணிகள் தோன்றுவதற்குரிய மரபணுக்கள் முடுக்கப்படுகின்றன.

இவற்றுள் இழைமணிகளின் பங்கு இன்றியமையாதது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு இழைமணிகளின் துணையின்றிப் பிளக்கப்படும்போது நிகரமாக 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கிறது. இழைமணிகளில் முழுமையாக எரிக்கப்படும்போது ஏறத்தாழ 30 முதல் 32 ஏ.டி.பி. வரை கிடைக்கிறது.

நுரையீரல் உயிரணுக்களின் ஆற்றல் தேவை

நுரையீரல் காற்று உள்ளே வந்து வெளியேறும் பை மட்டுமே என்று எண்ணுவது தவறாகும். மனித நுரையீரல்களில் சராசரியாக 48 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. இவற்றின் உட்பரப்பில் இரு வகை எபிதீலிய உயிரணுக்கள் உள்ளன.

முதல் வகை உயிரணுக்கள் மிக மெல்லியவை. உட்பரப்பின் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இவையே போர்த்தியுள்ளன. ஆக்சிசனும் கார்பன் டைஆக்சைடும் இவற்றின் ஊடாகவே பரவுகின்றன. இரண்டாம் வகை உயிரணுக்கள் கனசதுர வடிவானவை, இழைமணிகள் மிக்கவை. நுண்ணறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மேற்பரப்பி என்னும் கொழுப்பு மிகுந்த நீர்மத்தைச் சுரப்பது இவற்றின் பணியாகும். முதல் வகை உயிரணுக்கள் சிதைந்தால் அவ்விடத்தை நிரப்புவனவும் இவையே.

நுண்ணறைகளில் கசியும் நீரை வெளியேற்றுவதற்கும் ஆற்றல் தேவைப்படுகிறது. எபிதீலிய உயிரணுக்களின் மேற்புறத்தில் உள்ள வாயில்கள் வழியாகச் சோடியம் உட்புகுகிறது. அடிப்புறத்தில் உள்ள சோடியம்-பொட்டாசியம் ஏற்றி அதனைத் திசுவினுள் தள்ளுகிறது. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இவ்வேற்றி தன் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு ஏ.டி.பி.யைச் செலவிட்டு, 3 சோடிய அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே கொணர்கிறது.

இவ்வாறு மேற்பரப்பி உருவாக்கம், நீர் வெளியேற்றம், சிதைந்த உயிரணுக்களைப் புதுப்பித்தல் ஆகிய மூன்றும் நுரையீரல் எபிதீலியத்தின் பெரும் ஆற்றல் செலவுகளாகும். ஆற்றல் குறையும்போது ஏ.எம்.பி. கைனேசு கை வைப்பதும் இத்தகைய செலவுகளின் மேல்தான்.

சிக்கனத்தின் விலை: நுண்ணறைகளில் நீர் தேங்குதல்

ஆக்சிசன் குறைந்தாலோ கார்பன் டைஆக்சைடு மிகுந்தாலோ நுண்ணறை உயிரணுக்களில் ஏ.எம்.பி. கைனேசு தூண்டப்படுகிறது. கார்பன் டைஆக்சைடு மிகுதியின் விளைவை அமெரிக்காவின் சிக்காகோவில் இயங்கிய ஓர் ஆய்வுக் குழு எலிகளிலும் மனித உயிரணுக்களிலும் ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி, கார்பன் டைஆக்சைடு மிகும்போது உயிரணுவினுள் கால்சியம் உயர்கிறது. அது ஏ.எம்.பி. கைனேசைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட கைனேசு வேறொரு கைனேசின் வழியாகச் சோடியம்-பொட்டாசியம் ஏற்றிகளை உயிரணுச் சவ்விலிருந்து பிரித்து உட்புறத்திற்கு இழுத்துக்கொள்ளச் செய்கிறது. ஆக்சிசன் குறையும்போதும் இதனை ஒத்த நிகழ்வு ஏற்படுவது பின்னர் அறியப்பட்டது. சோடியம் உட்புகும் வாயில்களின் செயலையும் இக்கைனேசு குறைப்பது ஆய்வுக்கூட உயிரணுக்களில் காணப்பட்டுள்ளது.

உயிரணுவின் நோக்கில் இது அறிவார்ந்த நடவடிக்கையாகும். ஏ.டி.பி.யை மிகுதியாக உண்ணும் ஒரு பொறியை நிறுத்தி வைத்தால் உயிரணு பிழைத்திருக்கும். ஆனால் நோயாளியின் நோக்கில், நீர் வெளியேற்றம் தடைப்பட்டு நுண்ணறைகளில் நீர் தேங்குகிறது. நீர் தேங்கினால் ஆக்சிசன் மேலும் குறையும். அது கைனேசை மேலும் தூண்டும். கடும் நுரையீரல் காயம், நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் ஆகியவற்றில் கார்பன் டைஆக்சைடு உயர்வது ஏன் தீங்கானது என்பதற்கு இது ஒரு விளக்கமாக அமைகிறது.

நோயெதிர்ப்பு உயிரணுக்களும் அழற்சியும்

நுண்ணறைகளில் பெருவிழுங்கிகள் எனப்படும் காவல் உயிரணுக்களும் உள்ளன. தூசியையும் நுண்ணுயிரிகளையும் விழுங்கி அழிப்பது இவற்றின் பணியாகும். பெருவிழுங்கிகள் அழற்சி நிலைக்கு மாறும்போது இழைமணிகளைக் குறைவாகப் பயன்படுத்தி, குளுக்கோசை விரைந்து பிளக்கும் முறைக்குத் திரும்புகின்றன. ஏ.எம்.பி. கைனேசு இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. இழைமணி வழியிலான ஆற்றல் உருவாக்கத்தையும் கொழுப்பமில எரிப்பையும் ஊக்குவிக்கிறது. அழற்சியைத் தூண்டும் பாக்டீரிய நச்சுகள் இந்நொதியத்தின் செயலைக் குறைப்பதும், அழற்சியைத் தணிக்கும் குறிப்புப் பொருட்கள் அதனை உயர்த்துவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

கடும் நுரையீரல் காயம் உண்டாக்கப்பட்ட எலிகளில் இக்கைனேசைத் தூண்டியபோது வெள்ளணுக்களின் அழற்சிச் செயல் குறைந்து காயத்தின் கடுமையும் தணிந்தது. எபிதீலியத்தில் நீர் தேங்கச் செய்யும் அதே நொதியம், நோயெதிர்ப்பு உயிரணுக்களில் காயத்தைக் குறைக்கிறது. ஆகவே நுரையீரல் நோய்களில் இதனைத் தூண்டுவது நன்மையா தீமையா என்பது எந்த உயிரணுவில், எந்த வேளையில் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

காசநோயும் மெட்ஃபார்மினும்

காசநோய் பாக்டீரியா பெருவிழுங்கிகளுக்குள்ளேயே தங்கிப் பெருகும் ஆற்றல் உடையது. விழுங்கப்பட்ட பாக்டீரியா உள்ள பை, செரிக்கும் நொதியங்கள் நிறைந்த லைசோசோமுடன் இணைந்தால்தான் அது அழிக்கப்படும். இவ்விணைப்பைக் காசநோய் பாக்டீரியா தடுத்துவிடுகிறது. தன்விழுங்கலைத் தூண்டும் ஏ.எம்.பி. கைனேசைக் கொண்டு இத்தடையை வெல்ல இயலுமா என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாக இருந்தது.

இதற்கு ஏற்ற மருந்து புதிதாகத் தேடப்பட வேண்டியிருக்கவில்லை. மெட்ஃபார்மின் 1957 முதல் மனிதரில் நீரிழிவுக்குப் பயன்படுத்தப்பட்டு வரும் மலிவான மருந்தாகும். இது இழைமணிகளின் மின்னணுக் கடத்துத் தொடரில் முதலாம் தொகுதியைத் தடுக்கிறது என்பது 2000 ஆம் ஆண்டிலும், ஏ.எம்.பி. கைனேசைத் தூண்டுகிறது என்பது 2001 ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. இழைமணியைச் சிறிதளவு தடுத்து உயிரணுவை ஆற்றல் பற்றாக்குறையில் இருப்பதாக உணரச் செய்வதே இம்மருந்தின் வழிகளுள் ஒன்றாகும்.

2014 ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வுக் குழுவினர் மெட்ஃபார்மின் பெருவிழுங்கிகளுக்குள் காசநோய் பாக்டீரியாவின் வளர்ச்சியைக் குறைப்பதைக் காட்டினர். இழைமணிகளில் வினைத்திறன் மிக்க ஆக்சிசன் மூலக்கூறுகள் பெருகுவதும், பாக்டீரியா உள்ள பை லைசோசோமுடன் இணைவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. எலிகளில் நுரையீரல் பாதிப்பும் குறைந்தது. ஆனால் 2017 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் எலி ஆய்வில், வழக்கமான காசநோய் மருந்துகளுடன் மெட்ஃபார்மினைச் சேர்ப்பதால் பாக்டீரியாவை ஒழிக்கும் திறன் கூடவில்லை. எனவே மனிதரில் முறையான மருந்தாய்வு தேவைப்பட்டது.

மதுரையும் தமிழ்நாட்டுக் காசநோய் ஆராய்ச்சியும்

தமிழ்நாட்டிற்குக் காசநோய் ஆராய்ச்சியில் நீண்ட வரலாறு உண்டு. 1956 ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்து மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வது மருத்துவமனையில் தங்கிப் பெறும் மருத்துவத்திற்கு நிகரான பயன் தரும் என்பதை அம்மையத்தின் முதல் ஆய்வு 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் காசநோய் மருத்துவமுறை மாறியது. அம்மையம் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011 ஆம் ஆண்டு முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. இந்நிறுவனத்தின் கிளை ஒன்று மதுரையில் உள்ளது. குறுகியகால மருந்து முறைகளைப் பற்றிய ஆய்வுகள் சிலவற்றில் சென்னை நோயாளிகளுடன் மதுரை நோயாளிகளும் சேர்க்கப்பட்டனர்.

மதுரை நகரின் அரசு இராசாசி மருத்துவமனையும், நகருக்குத் தெற்கே திருமங்கலம் செல்லும் வழியில் தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் வைகைச் சமவெளியின் ஊர்களிலிருந்து வரும் நுரையீரல் நோயாளிகளுக்கு மருத்துவம் அளிக்கின்றன. புகைபிடித்தல், விறகடுப்புப் புகை, கருங்கல் குவாரிகளின் சிலிக்காத் தூசி, ஊட்டக்குறைவு, நீரிழிவு ஆகியவை காசநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. மதுரை மாவட்டத்தின் மேலூர்ப் பகுதி குவாரிகளுக்குப் பெயர் பெற்றது என்பது இங்குக் கருதத்தக்கது.

நீரிழிவு உள்ளோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இல்லாதோரைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு மிகுதி. 2012 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தமிழ்நாட்டில் பரிசோதிக்கப்பட்ட காசநோயாளிகளுள் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், மேலும் ஏறத்தாழ 25 விழுக்காட்டினருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் காணப்பட்டன. இவர்களுள் பலர் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களாக இருப்பர் என்பதால், அம்மருந்து நுரையீரலில் என்ன செய்கிறது என்பது ஏட்டளவிலான கேள்வியன்று.

மெட்ஃபார்மின் மருந்தாய்வு

தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய மெட்ரிஃப் என்னும் மருந்தாய்வு 2018 முதல் 2020 வரை இந்தியாவின் 5 இடங்களில் நடைபெற்றது. புதிதாகக் கண்டறியப்பட்ட நுரையீரல் காசநோயாளிகள் 322 பேர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான நான்கு மருந்துகளை மட்டும் பெற்றனர். மற்றப் பிரிவினர் அவற்றுடன் நாள்தோறும் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மினை 8 வாரங்கள் பெற்றனர். முடிவுகள் 2022 ஆம் ஆண்டில் வெளியாயின.

சளியில் பாக்டீரியா மறைய எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு மெட்ஃபார்மின் பிரிவில் 42 நாட்கள். வழக்கமான பிரிவில் 41 நாட்கள். அதாவது, எதிர்பார்க்கப்பட்ட முதன்மைப் பயன் கிடைக்கவில்லை.

ஆயினும் 8 வாரங்களுக்குப் பின் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப் படங்களில் நுரையீரல் குழிகள் மெட்ஃபார்மின் பிரிவில் 7 பேருக்கு, அதாவது 5.3 விழுக்காட்டினருக்குக் காணப்பட்டன. வழக்கமான பிரிவில் 18 பேருக்கு, அதாவது 12.9 விழுக்காட்டினருக்குக் காணப்பட்டன. குருதியில் அழற்சியைக் காட்டும் பொருட்களும் மெட்ஃபார்மின் பிரிவில் குறைந்திருந்தன.

உடல் நிறை குறியீட்டெண் மிகுந்திருந்தோருக்கும், தொடக்கத்தில் சளியில் பாக்டீரியா குறைவாக இருந்தோருக்கும் பாக்டீரியா விரைவில் மறைந்தது.

இம்முடிவுகள் ஏ.எம்.பி. கைனேசு பற்றிய அடிப்படை ஆய்வுகளோடு பொருந்துவன. இந்நொதியம் நேரடியாகப் பாக்டீரியாவைக் கொல்லும் கருவியன்று. உயிரணுவின் ஆற்றலை முறைப்படுத்தி அழற்சியைத் தணிக்கும் கட்டுப்பாடு ஆகும். காசநோயிலிருந்து குணமடைந்த பின்னும் குழிகளாலும் நார்த்திசுவாலும் மூச்சுத்திணறலுடன் வாழ்வோர் பலராதலால், திசுச் சிதைவைக் குறைப்பதும் மதிப்புடைய பயனேயாகும். எனினும் 8 வாரங்களில் படத்தில் தெரியும் வேறுபாடு, ஆண்டுகள் கழிந்தபின் மூச்சுத்திறனிலும் நிலைக்குமா என்பதை இவ்வாய்வு அளவிடவில்லை.

உடல் எடை குறித்த முடிவும் கவனத்திற்குரியது. உயிரணுவின் ஆற்றல் கணக்கைப் போலவே உடலின் ஆற்றல் கணக்கும் நோய்ப்போக்கை முடிவு செய்கிறது. தமிழ்நாடு அரசு 2022 ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்படும்போதே கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத்திணறல், துணையின்றி நிற்க இயலாமை ஆகியவை உள்ளோரை இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் முறை பின்பற்றப்படுகிறது. காசநோயாளிகளின் ஊட்டத்திற்காக 2018 முதல் நடுவண் அரசு வழங்கிவந்த மாத உதவித்தொகை 500 ரூபாய், 2024 ஆம் ஆண்டில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பிற நுரையீரல் நோய்கள்

நார்த்திசுப் பெருக்கம்: காரணம் அறியப்படாத நுரையீரல் நார்த்திசுப் பெருக்க நோயில், தழும்பேறிய பகுதிகளின் உயிரணுக்களில் ஏ.எம்.பி. கைனேசின் செயல் குறைந்திருப்பது 2018 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் கண்டறியப்பட்டது. அவ்வாய்வில், நார்த்திசு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுக்கப்பட்டபோது தழும்பு குறைந்தது, இழைமணிகள் பெருகின. ஆனால் மனித நோயாளிகளின் தரவுகளை மீளாய்வு செய்தபோது மெட்ஃபார்மின் உட்கொண்டோருக்குத் தெளிவான நன்மை காணப்படவில்லை.

நுரையீரல் புற்றுநோய்: கைனேசைத் தூண்டும் எல்.கே.பி.1 புரதத்தின் மரபணு, நுரையீரல் புற்றுநோய்களின் ஒரு வகையான சுரப்பித்திசுப் புற்றில் அடிக்கடி பழுதடைந்து காணப்படுகிறது. எச்சரிக்கை அமைப்பு பழுதானதால் புற்றணுக்கள் ஆற்றல் குறைவையும் பொருட்படுத்தாது பெருகுகின்றன. அதே வேளையில் ஆற்றல் நெருக்கடியைத் தாங்கும் திறனையும் இழக்கின்றன. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோயில் கதிர்வீச்சு, வேதிமருத்துவம் ஆகியவற்றுடன் மெட்ஃபார்மினைச் சேர்த்த இரு மருந்தாய்வுகள் 2021 ஆம் ஆண்டில் வெளியாயின. இரண்டிலும் பயன் காணப்படவில்லை. அவற்றுள் ஒன்றில் மெட்ஃபார்மின் பெற்றோரின் நிலை மற்றோரைவிட மோசமாக இருந்தது.

வரம்புகளும் எச்சரிக்கையும்

மெட்ஃபார்மினின் விளைவுகள் அனைத்தும் ஏ.எம்.பி. கைனேசு வழியாகவே நிகழ்வதில்லை. இந்நொதியம் நீக்கப்பட்ட எலிகளின் கல்லீரலிலும் குளுக்கோசைக் குறைக்கும் விளைவு காணப்பட்டுள்ளது. ஆகவே ஒரு மருந்தாய்வின் முடிவை இந்நொதியத்தின் செயலாக மட்டும் கொள்ளுதல் கூடாது. ஆய்வுக்கூட உயிரணுக்களில் பயன்படுத்தப்படும் மெட்ஃபார்மின் செறிவு, மாத்திரை உட்கொள்ளும் மனிதரின் குருதியில் உள்ளதைவிடப் பல வேளைகளில் மிகவும் உயர்ந்தது என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியதாகும்.

காசநோய்க்கான வழக்கமான மருத்துவத்தில் மெட்ஃபார்மின் இடம்பெறவில்லை. நீரிழிவு இல்லாத காசநோயாளி இதனைத் தாமாக உட்கொள்வது முறையன்று. சிறுநீரகச் செயல் குறைந்தோருக்கும், ஆக்சிசன் கடுமையாகக் குறைந்த நிலையில் உள்ளோருக்கும் இம்மருந்து குருதியில் லாக்டிக் அமிலத்தைத் தீங்கான அளவிற்கு உயர்த்தக்கூடும். ஆக்சிசன் இல்லாத வேளையில் இழைமணியை மேலும் தடுப்பது ஆற்றல் நெருக்கடியைக் கூட்டும் என்பதே இதன் காரணமாகும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், நீரிழிவு மருந்துகள் பலவற்றின் குருதி அளவைக் குறைக்கும் இயல்புடையது. மெட்ஃபார்மினின் சர்க்கரை குறைக்கும் விளைவை அது சற்றுக் கூட்டுவதாகவும் அறியப்பட்டுள்ளது. எனவே இரு நோய்களும் உள்ளோர் தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் தெரிவிப்பதும், சர்க்கரை அளவை அடிக்கடி பரிசோதித்துக்கொள்வதும், காசநோய் மருந்துகளை இடையில் நிறுத்தாமல் குறித்த காலம் முழுவதும் உட்கொள்வதும் தேவையாகும்.